செலவுப் பட்டியலில் உங்கள் சம்பளம் எங்கே?

கேள்வி: பெங்களூரு ஹொரமாவில் இருக்கிறோம். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். எனக்கு 38 வயது. ஒன்பது வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருந்தேன். இரண்டாவது குழந்தைக்காக வேலையை விட்டு ஆறு வருடம் ஆகிறது. பெரியவன் நான்காம் வகுப்பு, சின்னவள் யூகேஜி. திரும்ப ஐடிக்குப் போக மனமில்லை. ஒரு பிளே ஸ்கூல் கம்பெனியின் ஃபிரான்சைஸ் எடுக்கலாம் என்று பார்க்கிறேன். ஃபிரான்சைஸ் கட்டணம் 7 லட்சம், உள் அலங்காரம், பொம்மை, மேஜை நாற்காலி எல்லாம் 12 லட்சம், ஆக 20 லட்சம் போதும் என்கிறார்கள். ஃபீஸ் வசூலில் 15 சதவீதம் கம்பெனிக்கு ராயல்டி. பள்ளிக்குப் பார்த்திருக்கும் தனி வீட்டுக்கு மாத வாடகை 90,000, பத்து மாத அட்வான்ஸ். 80 பிள்ளைகள், ஒருவருக்கு வருடம் 60,000 ஃபீஸ், வருட லாபம் சுமார் 14 லட்சம் என்று பிரோஷரில் இருக்கிறது. என் பிஎஃப் பணம் 9 லட்சம், டெபாசிட் 8 லட்சம் இருக்கிறது. மீதிக்கு நகையை வைக்கலாம் என்கிறார் கணவர். பத்தாம் தேதிக்குள் ஒரு லட்சம் டோக்கன் கட்டாவிட்டால் ஏரியா வேறொருவருக்குப் போய்விடுமாம். பள்ளி பன்னிரண்டரைக்கு முடிந்துவிடும் என்பதால் என் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளலாம். கட்டலாமா? (பெயர் வேண்டாம்.)

பதில்:

டோக்கனை இப்போது கட்டாதீர்கள். பிளே ஸ்கூல் வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்த முடிவு உங்களுடையது. ஆனால் கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய பிரோஷர் கணக்கை நான் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து திரும்பப் போட்டுப் பார்த்தேன். அல்சூரில் ஆடிட்டராக இருக்கிறேன். மாதத்துக்கு ஒருவராவது இப்படி ஒரு வழவழப்பான காகிதத்தோடு வருகிறார்கள். டீக்கடை, சலூன், ஐஸ்கிரீம், பிளே ஸ்கூல் என்று தொழில் மாறும். ஒரு வரி மட்டும் எல்லாவற்றிலும் விட்டுப்போயிருக்கும். கடையைத் திறந்து, பூட்டி, இடையில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் மனுஷிக்கு என்ன சம்பளம் என்ற வரி.

முதலில் போடும் பணம். 7 லட்சம் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அதுவே 1.26 லட்சம். அப்புறம் நீங்கள் பார்த்திருக்கும் தனி வீட்டுக்கு மாத வாடகை 90,000, பத்து மாத அட்வான்ஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். 9 லட்சம். இந்த அட்வான்ஸ் பிரோஷரில் எங்குமே இல்லை. ஆக கதவைத் திறக்கும் நாளன்றே 29 லட்சத்துக்கு மேல் போயிருக்கும்.

இனி வருடக் கணக்கு. 80 பிள்ளைகள் நிரம்பியே விட்டார்கள் என்று அவர்கள் சொன்னபடியே வைத்துக்கொள்வோம். வரவு 48 லட்சம். ராயல்டி 7.2 லட்சம், அதன் ஜிஎஸ்டியோடு 8.5 லட்சம். வாடகை 10.8 லட்சம். ஐந்து ஆசிரியைகள், ஆளுக்கு 18,000 என்றால் 10.8 லட்சம். மூன்று ஆயாக்கள், 12,000 வீதம் 4.3 லட்சம். கம்பெனியிடமே வாங்க வேண்டிய புத்தகம், யூனிஃபார்ம் கிட், பிள்ளைக்கு 5,000 வீதம் 4 லட்சம். கரண்ட், தண்ணீர் லாரி, கேமரா, துப்புரவு எல்லாம் 3 லட்சம். நோட்டீஸ், ஆன்லைன் விளம்பரம் 1.5 லட்சம். மிச்சம் 5 லட்சம்தான் வருகிறது. அவர்களுக்கு எப்படி 14 வந்தது? வாடகையை 60,000 என்றும் ஆசிரியை சம்பளத்தை 14,000 என்றும் போட்டிருக்கிறார்கள். ஜிஎஸ்டியும் விளம்பரமும் கிடையாது. அவ்வளவுதான் வித்தை. பிரோஷரில் பொய் ஒன்றும் இல்லை, வேறு ஏதோ ஊரின் விலை இருக்கிறது.

இப்போது அந்த விட்டுப்போன வரியைப் போடுங்கள். நீங்கள் இல்லாமல் ஒரு சென்டர் ஹெட்டை வைத்தால் 35,000 இல்லாமல் நல்ல ஆள் வரமாட்டார். வருடம் 4.2 லட்சம். மிச்சம் ஒரு லட்சம்கூட இல்லை. அந்த 29 லட்சம் பேசாமல் வங்கியில் கிடந்தால் வரும் வட்டி இதைவிட அதிகம். நகைக்கடன் வட்டியை நான் இன்னும் கழிக்கவே இல்லை. அதாவது எண்பது பிள்ளைகளும் வந்துவிட்ட நல்ல வருடத்தில், 29 லட்சம் கொடுத்து மாதம் 35,000 ரூபாய் வேலை ஒன்றை நீங்கள் உங்களுக்கு வாங்கியிருப்பீர்கள். அந்த வேலை பிடித்திருந்தால் அதுவும் தப்பில்லை. தெரிந்து வாங்க வேண்டும்.

முதல் வருடம் எண்பது வராது. நாற்பது வந்தால் அதிர்ஷ்டம். மூன்று ஆசிரியை, இரண்டு ஆயா என்று சுருக்கி, மற்ற செலவையும் கொஞ்சம் குறைத்துப் போட்டுப் பார்த்தேன். வரவு 24 லட்சம், செலவு 30.6 லட்சம். பிள்ளைகள் பாதியானாலும் வாடகை பாதியாகாதே. உங்களுக்கு ஒரு ரூபாய்கூட எடுக்காமலே 6.6 லட்சம் நஷ்டம். ஆக உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது 20 லட்சம் இல்லை, 36 லட்சம். கையில் இருப்பது 17.

நகையைப் பற்றி ஒரு வார்த்தை. நகைக்கடனை வழக்கமாக 12 மாதத்தில் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் வட்டியைக் கட்டி மாற்றி வைக்க வேண்டும். உங்கள் பள்ளியோ இரண்டாம் வருடக் கடைசியில்தான் மூச்சு விடும். முதலில் கேட்கப்படும் கடனை எடுத்து, கடைசியில் வரும் வருமானத்தில் போடுவது சரிப்படாது. கடன்தான் வேண்டும் என்றால் முத்ரா திட்டத்தில் 10 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் வங்கியில் கேட்கலாம். வங்கி மேனேஜர் உங்கள் கணக்கைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினால் கோபப்படாதீர்கள். இலவசமாக ஒரு ஆடிட் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்டியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, யாரும் சொல்லமாட்டார்கள். பிளே ஸ்கூல் வசூலிக்கும் ஃபீஸுக்கு ஜிஎஸ்டி விலக்கு. கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் நீங்கள் வசூலிக்காததால், நீங்கள் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. ஒரு துணிக்கடைக்காரர் ராயல்டி மேல் கட்டும் 18 சதவீதத்தை தன் விற்பனை வரியில் ஈடு கட்டிக்கொள்வார். உங்களுக்கு அது போனது போனதுதான். எனவே உங்கள் ராயல்டி 15 சதவீதம் இல்லை, 17.7 சதவீதம். வீட்டுக்காரர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராக இருந்தால் வாடகைக்கும் இதே கதை, மாதம் 16,200 கூடுதல். அதையும் நான் மேலே சேர்க்கவில்லை.

இன்னொன்று, பிரோஷர் எண்பது பிள்ளைகளை பிளே குரூப், நர்சரி, எல்கேஜி, யூகேஜி என்று நான்கு அறைகளில் சமமாக உட்கார வைத்திருக்கிறது. நீங்கள் உங்கள் பெரியவனை எப்போது பெரிய பள்ளியில் சேர்த்தீர்கள்? ஒன்றாம் வகுப்பில் இடம் கிடைக்காது என்ற பயத்தில் எல்கேஜியிலேயே சேர்த்திருப்பீர்கள். பெங்களூரில் எல்லாப் பெற்றோரும் அதையேதான் செய்கிறார்கள். கர்நாடகத்தில் ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது முடிந்திருக்க வேண்டும் என்ற விதியால் பிள்ளைகள் உங்களிடம் கூடுதலாக ஒரு வருடம் இருப்பார்கள் என்று கம்பெனி ஆள் சொல்லியிருப்பார். அந்தக் கூடுதல் வருடத்தைப் பெரிய பள்ளிகளும் கணக்குப் போட்டு வைத்திருக்கின்றன. உங்கள் யூகேஜி அறையில் ஆறு பிள்ளைகள் இருந்தாலும் அந்த ஆறுக்கும் ஒரு ஆசிரியை வேண்டும்.

சரி, நேரம். நீங்கள் இந்தத் தொழிலைத் தேர்ந்தெடுத்ததற்கே காரணம் பன்னிரண்டரை மணிதானே. பிள்ளைகளுக்குத்தான் அது பன்னிரண்டரை. ஆயா வரவில்லை என்ற போன் காலை ஏழு மணிக்கு வரும். ஒரு மணிக்கு மேல் அட்மிஷன் கேட்டு வருவார்கள், வேலைக்குப் போகிற அப்பா அம்மா சனிக்கிழமைதான் வருவார்கள். வாடகை கட்டுப்படியாக வேண்டும் என்று ஆறு மாதத்தில் டே கேர் ஆரம்பிப்பீர்கள், எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அத்தோடு உங்கள் நாள் மாலை ஏழு வரை நீளும். அட்மிஷன் சீசன் சூடுபிடிக்கிற பிப்ரவரி, மார்ச்சில்தான் உங்கள் பையனுக்கு முழு ஆண்டுப் பரீட்சை. யுகாதிக்கு ஆயாக்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். மே மாதம் சம்மர் கேம்ப் நடத்தாவிட்டால் வாடகை கையிலிருந்து போகும், ஆகவே திண்டுக்கல் பயணம் நான்கு நாளாகச் சுருங்கும். பயமுறுத்தவில்லை. ஒரு காகிதத்தில் பள்ளியின் ஒரு வாரத்தை மணிவாரியாக எழுதி, பக்கத்தில் உங்கள் வீட்டின் வாரத்தை எழுதுங்கள். இரண்டும் மோதுகிற இடத்தில் யார் நிற்பார்கள் என்று கணவரிடம் கேளுங்கள். ‘பார்த்துக்கலாம்’ என்று பதில் வந்தால், நீங்கள்தான் நிற்பீர்கள்.

என் தங்கை விஷயத்தில் நானே இதில் கோட்டை விட்டவள். 2018ல் அவள் ஒரு தின்பண்டக் கடை ஃபிரான்சைஸ் எடுத்தபோது ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தது நான்தான். வரி, வட்டி எல்லாம் பார்த்தேன். கடைக்குக் கூட்டம் வரும் நேரம் மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை, அவள் மகளுக்கு அப்போது ஏழு வயது என்பதை நான் பார்க்கவில்லை. கடை நஷ்டத்தில் மூடவில்லை. அவள் களைத்துப்போய் மூடினாள்.

அடுத்தது கம்பெனி. நம் நாட்டில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தையும் 1999 வணிகச் சின்னச் சட்டத்தையும் வைத்துத்தான் ஓட்டுகிறோம். அமெரிக்காவில், கையெழுத்துக்கோ பணத்துக்கோ குறைந்தது 14 நாள் முன்பே, கம்பெனியின் வழக்குகள், கணக்குகள், மூடப்பட்ட கிளைகளின் விவரம் எல்லாம் அடங்கிய ஆவணத்தை வாங்குபவர் கையில் கொடுக்க வேண்டும். இங்கே அப்படி யாரும் தரவேண்டியதில்லை. நாமே தேடிக்கொள்ள வேண்டும்.

அதற்கு அதிகம் செலவாகாது. கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டினால், ஒரு கம்பெனி தாக்கல் செய்த வருடாந்திரக் கணக்குகளைப் பார்க்கலாம். அதில் ஒன்றை மட்டும் தேடுங்கள்: வருமானத்தில் ராயல்டி எவ்வளவு, புதிதாகச் சேர்பவர்களின் கட்டணமும் பொம்மை, மேஜை விற்றதும் எவ்வளவு. ராயல்டி பெரிதாக இருந்தால் பழைய கிளைகள் ஓடுகின்றன, கிளை ஓடினால்தான் அவர்களுக்குச் சாப்பாடு. சேர்க்கைக் கட்டணமே பெரிதாக இருந்தால், உங்கள் பள்ளி திறப்பு விழாவோடு அவர்கள் வேலை முடிந்தது. பிரித்துக் காட்டாமல் ஒரே வரியில் போட்டிருந்தால் நேரடியாகக் கேளுங்கள். பெயர் பதிவான வணிகச் சின்னமா என்பதையும் அரசின் வணிகச் சின்னத் தேடல் பக்கத்தில் இலவசமாகப் பார்க்கலாம், கல்விச் சேவைகள் அதில் 41ஆம் பிரிவில் (கிளாஸ் 41) வரும். வேறொருவர் ஆட்சேபித்து ‘எதிர்ப்பு’ நிலையில் கிடக்கும் பெயருக்கு 7 லட்சம் கொடுக்க வேண்டியதில்லை.

கம்பெனி கொடுக்கும் நம்பர்களுக்குப் போன் செய்யாதீர்கள், செய்தாலும் நம்பாதீர்கள். கூகுள் மேப்பில் அந்தப் பெயரைப் போட்டுத் தேடினால் ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று சில கிளைகள் வரும். அவற்றை நடத்தியவர்களைக் கண்டுபிடியுங்கள். பக்கத்து மளிகைக்கடையில் விசாரித்தாலே தெரிந்துவிடும். மூடியவர்கள் மறைக்க ஒன்றுமில்லாததால் மணிக்கணக்கில் பேசுவார்கள். நடக்கிற கிளை ஒன்றின் வாசலில் பன்னிரண்டே காலுக்குப் போய் நில்லுங்கள், வெளியே வரும் பிள்ளைகளை எண்ணுங்கள். அழைக்க வந்த அம்மாக்களிடம் இந்தப் பள்ளியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேளுங்கள். ‘வீட்டுக்குப் பக்கம்’, ‘அந்த மிஸ் நல்லா பாத்துக்கறாங்க’ என்று பத்தில் எட்டுப் பேர் சொன்னால், வசூலில் 17.7 சதவீதம் எதற்குக் கொடுக்கிறோம் என்று உங்களுக்கே தோன்றும்.

பிரோஷரோடு நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தை முழுக்க இங்கே பிரிக்க இடமில்லை. மூன்று இடத்தில் மட்டும் பென்சிலால் கோடு போட்டேன். ‘இரண்டாம் வருடம் முதல் குறைந்தபட்ச ராயல்டி 4 லட்சம்’ என்ற வரி முதலாவது. 2020 மார்ச்சில் மூடிய சின்னப் பிள்ளைகள் பள்ளிகள் இங்கே ஒன்றரை வருடத்துக்கும் மேல் மூடியே கிடந்தன. அரசு உத்தரவால் மூடினால் இந்தக் குறைந்தபட்சம் பொருந்தாது என்று எழுதி வாங்குங்கள். அடுத்தது காலம். ஃபிரான்சைஸ் ஐந்து வருடம், நீங்கள் போடப்போவது 11 மாத வாடகை ஒப்பந்தம். இரண்டாம் வருடம் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் 12 லட்சம் உள் அலங்காரம் சுவரோடு போகும். வாடகையையும் ஐந்து வருடத்துக்குப் போட்டு, பதிவும் செய்யுங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். மூன்றாவது, விலகிய பின் மூன்று வருடம் இதே தொழில் செய்யக் கூடாது என்ற நிபந்தனை. ஒப்பந்தம் நடக்கும் காலத்தில் போட்டித் தொழில் செய்யாதே என்று கட்டுப்படுத்தலாம், 1995ல் கோகோ கோலா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. முடிந்த பிறகும் தொடரும் தடை ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவில் பொதுவாக நிற்காது. ஆனால் வழக்கு டெல்லியில் நடுவர் முன்னால் என்று எழுதியிருக்கிறது. நிற்காது என்று நிரூபிக்க நீங்கள் எத்தனை தடவை விமானம் ஏறுவீர்கள்? இடத்தைப் பெங்களூரு என்று மாற்றச் சொல்லுங்கள். கணவர் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டும் என்ற பக்கத்தையும் அவரிடம் காட்டுங்கள், அவர் அதைப் படித்திருக்கமாட்டார்.

கட்டடத்தைப் பற்றிச் சுருக்கமாக: அதன் ‘கதா’ (மாநகராட்சியின் சொத்துப் பதிவு) முறையான ஏ-வா, குறையுள்ள பி-யா என்று பாருங்கள். அந்தத் தெருவில் பள்ளி நடத்த அனுமதி கிடைக்குமா என்று மாநகராட்சியில் கேளுங்கள். 2025 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சியான பிபிஎம்பி ஐந்தாகப் பிரிந்துவிட்டதால் உங்கள் வார்டு எந்த மாநகராட்சியில் வருகிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். பெயர்ப் பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும், கம்பெனி அனுப்பும் ஆங்கிலப் பலகையை மாட்டி அப்புறம் உங்கள் செலவில் கழற்றாதீர்கள். முக்கியமாக, மழை. ஹொரமாவு சாய் லேஅவுட் 2025 மே மாதத்தில் எப்படி வெள்ளத்தில் நின்றது என்று உங்களுக்கே தெரியும். தரைத்தளத்தில் பிள்ளைகளை உட்கார வைக்கப் போகிறீர்கள். ஒரு நல்ல மழையன்று இரவு போய் அந்தத் தெருவைப் பாருங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்பீர்கள். வரும் அட்மிஷன் சீசனில் ஏதாவது ஒரு பிளே ஸ்கூலில், இந்தக் கம்பெனியின் கிளையாக இருந்தாலும் சரி, நான்கு மாதம் கோஆர்டினேட்டராகச் சம்பளத்துக்குப் போவேன். 20,000 கொடுத்தாலும் போதும். அழும் பிள்ளையையும், ஃபீஸ் பாக்கி வைக்கும் அப்பாவையும், திடீரென்று நிற்கும் ஆயாவையும் அங்கே அடுத்தவர் பணத்தில் பார்த்துவிடலாம். நான்கு மாதம் கழித்தும் ஆசை இருந்தால், புதிதாகத் திறப்பதைவிட, ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை யாராவது குடும்பக் காரணத்துக்காக விற்கிறார்களா என்று பார்ப்பேன். அங்கே பிரோஷர் வேண்டாம், ஃபீஸ் ரிஜிஸ்டரும் வங்கிக் கணக்கும் இருக்கும். ஐடிக்குப் போக மனமில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், அதை நான் கிளறவில்லை. ஆனால் இடைவெளி விட்ட பெண்களுக்கென்றே வேலைத் திட்டங்கள் இருக்கின்றன, டாடா குழுமம் 2008லேயே ஒன்றைத் தொடங்கியது. ஒன்பது வருட அனுபவத்துக்கு இன்று என்ன சம்பளம் கிடைக்கும் என்று மட்டும் விசாரித்து, அதை அந்த 35,000க்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். போக வேண்டாம், எழுதி வைத்தால் போதும்.

பத்தாம் தேதி பற்றி. அது வரட்டும், போகட்டும். பன்னிரண்டாம் தேதி வாக்கில் அந்த ஆளே போன் செய்வார், மேலிடத்தில் பேசி உங்களுக்காக இன்னும் ஒரு வாரம் வாங்கியிருக்கிறேன் என்பார். அப்போது அவரிடம், பெங்களூரில் இதுவரை மூடிய உங்கள் கிளைகளின் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்புங்கள் என்று மட்டும் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.